கையுறை யாருடைய கைக்கு?

கொல்கத்தாவின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் நீண்டு கிடக்கிறது பெஹாலா. அங்கே மாநில அரசின் வித்யாசாகர் பொது மருத்துவமனை இருக்கிறது. அதே சாலையில் தெற்கே சென்றால் தாக்கூர்புக்கூரில் புற்றுநோய் மருத்துவமனையும், ஜோக்காவில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும் வருகின்றன. இடைப்பட்ட தெருக்களில் சிறிதும் பெரிதுமாக நர்சிங் ஹோம்கள். மழைக்காலம் கழிந்து டெங்கு தலைகாட்டும் மாதங்களில், தட்டணுக்களை எண்ணுவதற்காக ஒரே நோயாளியிடம் நாள்தோறும் இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கையுறை வேண்டும். ஒரு மருத்துவமனை மிக அதிகமாகச் செலவழிக்கும் பொருட்களுள் ஒன்று கையுறை. மிகக் குறைவாக யோசித்து வாங்கும் பொருளும் அதுவே.

மருந்து வாங்கும்போது எந்த நோய்க்கு எந்த மருந்து என்று கேட்கும் நிறுவனங்கள், கையுறை வாங்கும்போது ஒரு இணை என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றன. எந்த வேலைக்கு, எவ்வளவு நேரத்துக்கு, யாருடைய கைக்கு என்பவை ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தில் இடம்பெறுவது அரிது. இந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் படிவத்தை நிரப்புபவர்கள் அல்லர். செவிலியரும், ஆயாக்களும், துப்புரவுப் பணியாளரும், வெட்டுமேசையில் மயங்கிக் கிடக்கும் நோயாளியுமே.

கொல்கத்தாவில் கையுறை தலைப்புச் செய்தியான தருணம் ஒன்று உண்டு. 2024 அக்டோபரில், நகரின் வடக்கே உள்ள ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில், புதிய பெட்டியிலிருந்து எடுத்த கையுறையில் இரத்தம் போன்ற கறை இருந்ததாக இளம் மருத்துவர்கள் புகார் எழுப்பினர். அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதையொட்டிய போராட்டம் தணியாதிருந்த நேரம் அது. சுகாதாரத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. கறை எதனுடையது என்ற வாதத்தில் எல்லோரும் மூழ்கினர். அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான், ஐயமில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் கறையுள்ள கையுறையை எவரும் அணியமாட்டார், எறிந்துவிடுவார். அணிந்து கொள்ளப்படுவது, கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை உள்ள கையுறை. அதற்காக எந்தச் செய்தியாளரும் மருத்துவமனை வாசலில் நிற்பதில்லை.

மருத்துவக் கையுறையின் பிறப்பே ஒரு செவிலியரின் கையைக் காப்பாற்றுவதற்காக நிகழ்ந்தது என்பதை மருத்துவ மாணவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டுக்கு உதவியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநீக்கத்துக்காகப் பயன்பட்ட மெர்க்குரிக் குளோரைடு கரைசல் அவருடைய கைத்தோலைப் புண்ணாக்கியது. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். அது நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பதற்கும் உதவும் என்ற எண்ணம் சில ஆண்டுகள் கழித்தே வலுப்பெற்றது. தோல் அரிக்கிறது என்று ஒரு பணியாளர் சொன்னதை ஒரு நிபுணர் காதுகொடுத்துக் கேட்டார், கையுறை பிறந்தது. இன்று அதே அரிப்பைச் சொல்லும் செவிலியருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், சோப்பை மாற்றிப் பாருங்கள் என்பது.

அந்த அரிப்பு எங்கிருந்து வருகிறது? ரப்பர் மரத்தின் பாலில் ரப்பரோடு புரதங்களும் இருக்கின்றன. பாலைச் சுழற்றிச் செறிவாக்கி, பீங்கான் கை அச்சுகளை அதில் தோய்த்து, உலர்த்தி, வெந்நீரில் அலசி எடுப்பதே கையுறை ஆலையின் வேலை. அலசுதல் போதாத இடத்தில் புரதம் கையுறையிலேயே தங்கிவிடும். சிலருடைய உடல் அப்புரதங்களைப் பகையாகக் கருதத் தொடங்குகிறது. முதலில் தடிப்பு, பிறகு தும்மலும் மூச்சிரைப்பும், அரிதாக உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சி. கையுறை எளிதில் நுழைவதற்காகத் தூவப்படும் பொடி இதைப் பன்மடங்காக்குகிறது. முற்காலத்தில் டால்க் தூவினார்கள். வயிற்றுக்குள் அது கட்டிகளையும் ஒட்டுகளையும் உண்டாக்கியதால், 1947-க்குப் பிறகு சோள மாவுப்பொடி வந்தது. ஆனால் சோளப்பொடியும் காயத்துக்குள் விழுந்தால் அழற்சியைத் தூண்டுகிறது. அதைவிடக் கேடானது, அப்பொடி ரப்பர்ப் புரதத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு காற்றில் மிதப்பது. கையுறையை உருவும்போது எழும் அந்த வெண்புகையை அதை அணிந்தவர் மட்டும் சுவாசிப்பதில்லை. அடுத்த கட்டிலில் இருப்பவரும், அறையைப் பெருக்க வந்தவரும் சுவாசிக்கிறார்கள். கையுறையைத் தொடாதவருக்கும் கையுறையால் நோய் வரும் வழி இதுதான்.

இது புதிய அறிவு அன்று. 1987-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், எல்லா நோயாளிகளின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்று அறிவுறுத்தியபின் உலகெங்கும் கையுறைப் பயன்பாடு பெருகியது. அதன் பின்னாலேயே மருத்துவப் பணியாளரிடையே ரப்பர் ஒவ்வாமையும் பெருகியது. ஜெர்மனி 1990-களின் இறுதியிலேயே பணியிடங்களில் பொடியிட்ட ரப்பர்ப்பால் கையுறையை விலக்கியது. அதன்பின் தொழில்சார் ரப்பர் ஒவ்வாமை அங்கே வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் பப்ளிக் சிட்டிசன் என்னும் நுகர்வோர் அமைப்பு 1998-இல் தடை கோரி மனு அளித்தது. உணவு மருந்து நிர்வாகம் தடையாணையை 2016 டிசம்பரில் வெளியிட்டது. 2017 ஜனவரி 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எச்சரிக்கை வாசகம் அச்சிட்டுத் தீர்க்க முடியாத ஆபத்து என்பது அந்நிர்வாகம் சொன்ன காரணம். மருத்துவக் கருவியொன்றை அடியோடு தடைசெய்வது அந்நாட்டில் மிக அபூர்வம். ஒரு மனுவுக்கும் ஒரு தடைக்கும் இடையே 18 ஆண்டுகள் போயின என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொடியில்லாக் கையுறை செய்யும் தொழில்நுட்பம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. குளோரின் நீரில் கழுவினாலோ உட்புறம் மெல்லிய பாலிமர்ப் பூச்சு பூசினாலோ போதும்.

இந்தியாவில் அத்தகைய நாடளாவிய தடை இல்லை. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளும், 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த அறிவிப்பும் கையுறையை ஒழுங்குமுறைக்குள் இழுத்தன. அது நல்ல தொடக்கம். ஆனால் தரமுள்ள பொடியிட்ட கையுறை என்பது சட்டப்படி இங்கே இன்னமும் சாத்தியம். ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பு மாநிலங்களின் கொள்முதல் கழகங்களிடமும், பெஹாலா போன்ற இடங்களின் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களிடமும் வந்து நிற்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர்களுக்குத் தடையாகாது. பொடியில்லாதது மட்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு சொல் சேர்க்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வழுக்கலைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப்பால் ஆகாது என்று கேள்விப்பட்ட பல நிறுவனங்கள் மலிவான வினைல் கையுறைக்குத் தாவுகின்றன. பெட்டியில் லேடெக்ஸ் அற்றது என்று பெரிய எழுத்தில் இருக்கும். மனம் நிம்மதி அடையும். பி.வி.சி.யால் ஆன வினைல் கையுறை நீண்டு கொடுக்காது. விரலிடுக்கில் விரைவில் விரிசல் விடும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மைப் பயன்பாட்டைப் போன்ற அசைவுகளுக்கு உட்படுத்திச் சோதித்தபோது, வினைல் கையுறைகளில் 12 முதல் 61 விழுக்காடு வரை தோற்றன. ரப்பர்ப்பால் கையுறைகளில் 0 முதல் 9. நைட்ரைலில் 1 முதல் 3. உணவு பரிமாறவும், மருந்து தடவவும், சில நிமிட வேலைக்கும் வினைல் போதும். இரத்தம் எடுக்கவும் பிரசவம் பார்க்கவும் அதைக் கொடுப்பது, ஒவ்வாமையை விலக்கிவிட்டு மஞ்சள் காமாலையை வரவேற்பது போன்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. இரத்தம் எடுக்கும் செவிலியருக்கு எப்படித் தெரியும்?

கையுறை ஊசியைத் தடுக்காது என்று சிலர் அலட்சியமாகச் சொல்வதுண்டு. உண்மை, தடுக்காது. ஆனால் ஊசி உள்ளே நுழையும்போது அதன்மேல் படிந்த இரத்தத்தில் ஒரு பகுதியைக் கையுறையின் பரப்பு துடைத்துவிடுகிறது. 1990-களில் நடந்த சோதனைகளில், உள்ளே செல்லும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. நீண்ட அறுவைகளில், குறிப்பாக எலும்பு அறுவையில், இரட்டைக் கையுறை அணிந்தால் உள்கையுறையில் விழும் துளைகள் வெகுவாகக் குறைகின்றன என்பதும் பலமுறை நிறுவப்பட்ட செய்தி. ஒரு இணைக்குப் பதில் இரண்டு இணை செலவாகுமே என்ற கணக்கு, ஒரு மருத்துவருக்குத் தொற்று வந்தபின் ஆகும் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுகிறது என்று தெரியவில்லை.

அப்படியானால் நைட்ரைல்தான் விடையா? பரிசோதனைக் கையுறைக்கு, பெருமளவுக்கு ஆம். அதில் ரப்பர் மரப் புரதம் இல்லை. குத்துப்பட்டால் எளிதில் தெரியும்படி கிழிந்துவிடும். பல இரசாயனங்களைத் தாங்கும். ஆனால் நைட்ரைல் அணிந்தும் கை அரிக்கிறது என்று சொல்பவரைப் பொய்யர் ஆக்கக் கூடாது. ரப்பரை இறுகச் செய்யச் சேர்க்கும் தையுராம், கார்பமேட் வகை முடுக்கிகள் இரண்டு வகைக் கையுறையிலும் இருக்கக்கூடும். அவை உடனே அல்லாமல் ஓரிரு நாள் கழித்துத் தோலைச் சிவக்கவும் வெடிக்கவும் செய்யும். வெடித்த தோல் கிருமிக்குத் திறந்த கதவு. முடுக்கி சேர்க்காத நைட்ரைல் கையுறைகள் இப்போது சந்தையில் உண்டு. எல்லோருக்கும் அவை வேண்டாம். தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து உறுதிசெய்த சிலருக்கு வேண்டும். வாங்கும் பட்டியலில் அந்தச் சிலருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

நோயாளியின் பக்கமும் இருக்கிறது. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து சிறுவயதிலேயே பலமுறை அறுவைக்கு உள்ளாகும் குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை மிகுதி என்பது நன்கு அறியப்பட்டது. அறுவைக்கு முன் நான்கு கேள்வி கேட்கலாம்: பலூன் ஊதினால் உதடு வீங்குமா? வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் வாய் அரிக்குமா? பல் மருத்துவரிடம் போய்வந்தபின் முகம் தடித்ததுண்டா? ரப்பர் கையுறை அணியும் தொழிலா? வாழையின் புரதமும் ரப்பர்ப்பாலின் புரதமும் உறவுடையவை. உடல் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும். வாழைத்தண்டும் வாழைப்பூவும் பச்சை வாழைக்காயும் அன்றாடச் சமையலில் இருக்கும் வங்காளத்தில், இது கேட்பதற்கு எளிய கேள்வி. விடை சொல்வதற்கும் எளிது. ஆம் என்றால், ரப்பர்ப்பால் அறவே இல்லாத செயற்கை அறுவைக் கையுறையோடு, அந்த நாளின் முதல் அறுவையாக அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய அறுவையின் பொடி காற்றில் தங்கியிருக்கக் கூடாது என்பதே காரணம்.

தாக்கூர்புக்கூரில் உள்ளதைப் போன்ற புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வேறொரு கணக்கு. புற்றுநோய் மருந்துகள் கலக்குபவரின் தோலுக்குள்ளும் ஊடுருவக்கூடியவை. கையுறையில் துளை இல்லாவிட்டாலும், சில மருந்துகள் அதன் சுவரைக் கடந்து வருகின்றன. மருந்து கடந்துவர எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கும் தனிச் சோதனை உண்டு. அச்சோதனையில் தேறிய கையுறையைத்தான் அங்கே தர வேண்டும். வினைலுக்கு அந்த அறைக்குள் இடமே இல்லை. இந்த விதி மருந்து கலக்குபவரோடு முடியக்கூடாது. நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் அதே மருந்துதான் வெளியேறுகிறது. அதைச் சுத்தம் செய்பவர், கொல்கத்தாவில் ஆயாமாசி என்று அழைக்கப்படும் பெண்மணி. அவர் பெரும்பாலும் மருத்துவமனையின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாதவர்; நோயாளியின் குடும்பம் நாட்கூலி கொடுத்து அமர்த்துபவர். சம்பளப் பட்டியலில் இல்லாதவருடைய பெயர் கையுறைப் பட்டியலில் மட்டும் எப்படி வரும்? அவருக்கு என்ன கையுறை என்று எந்த ஒப்பந்தப்புள்ளியும் கேட்டதில்லை.

துப்புரவுப் பணியாளருக்கும் இதுவே நிலை. கழிவு மூட்டைக்குள் ஊசி கிடக்கலாம். மெல்லிய பரிசோதனைக் கையுறை அங்கே பயனற்றது. முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் கையுறை வேண்டும். அது கழுவித் திரும்ப அணியக்கூடியது, ஆகவே மலிவானதும்கூட. இதை வாங்கித் தராமல் இருப்பதற்குப் பணத்தைக் காரணமாகக் காட்ட முடியாது.

பயன்படுத்திய கையுறை எங்கே போகிறது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது சிவப்புப் பையில் இடப்பட்டு, நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, துண்டாக்கப்பட வேண்டும். துண்டாக்காமல் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நவி மும்பை சாட்சி. 2020 ஆகஸ்டில் அங்கே ஒரு கிடங்கில், கழுவி உலர்த்திப் புதிதுபோல் விற்கத் தயாராக இருந்த சுமார் 3 டன் பழைய கையுறைகளைக் காவல் துறை பிடித்தது. பெருந்தொற்றின் அடுத்த ஆண்டில், தாய்லாந்திலிருந்து கோடிக்கணக்கில் போலியும் பழையதுமான நைட்ரைல் கையுறைகள் அமெரிக்காவுக்கே சென்று சேர்ந்த கதையும் வெளிவந்தது. கிழித்துப் போடாமல் எறிந்த கையுறை திரும்பி வரும். அது யாருடைய கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

புதிய பெட்டி வந்தவுடன் சோதிக்க ஆய்வகம் வேண்டும் என்பது ஒரு தப்பான எண்ணம். உலகத் தர அமைப்புகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட சோதனை, கையுறைக்குள் 1,000 மில்லி தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்பது. சொட்டினால் அந்தக் கையுறை தோற்றது. அமெரிக்காவில் 2008 முதல் அறுவைக் கையுறைக்கு 1.5, பரிசோதனைக் கையுறைக்கு 2.5 என்ற ஏற்புத்தர அளவுகள் நடப்பில் உள்ளன. சிறிய எண் கடினமான தேர்வு. ஒப்பந்தப்புள்ளியில் இந்த எண்ணைக் கேட்க வேண்டும். வந்த சரக்கில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில பத்துக் கையுறைகளை எடுத்து, குழாயடியில் நின்று ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு செவிலியர் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு பிற்பகல் போதும். முடிவைத் தொகுதி எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், ஓராண்டில் எந்த விநியோகஸ்தர் எப்படிப்பட்டவர் என்பது விலைப்பட்டியலைவிடத் தெளிவாகத் தெரியும். சரக்கை எங்கே அடுக்குகிறார்கள் என்பதையும் அதே நோட்டில் குறிக்கலாம். கொல்கத்தாவின் புழுக்கத்தில் வெயில்படும் சன்னலோரம் அடுக்கிய ரப்பர்ப்பால் கையுறை, ஆலையில் தேறியிருந்தாலும் வார்டில் கிழியும்.

செலவு என்ற வாதத்துக்கு வருவோம். பொடியில்லாததும் நைட்ரைலும் விலை கூடியவை என்பதை மறுப்பதற்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அறுவை, பரிசோதனை ரப்பர் கையுறைகளின் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அந்த மிச்சத்தை அதே கையுறையைக் குறைந்த விலைக்கு வாங்கவும் பயன்படுத்தலாம். அதே விலைக்குச் சிறந்த கையுறை வாங்கவும் பயன்படுத்தலாம். எதைச் செய்கிறார்கள் என்பதில் ஒரு நிர்வாகத்தின் மனம் தெரியும். தனியார் நர்சிங் ஹோமில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. பரிசோதனைக் கையுறை பொதுவாக மருத்துவக் காப்பீடு ஈடுசெய்யாத பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அதன் விலையை நோயாளியே தன் கையிலிருந்து கொடுக்கிறார். கொடுப்பவருக்கு என்ன வகை என்று கேட்கும் உரிமை உண்டு. ரசீதில் கையுறை என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் வகையையும் எண்ணிக்கையையும் எழுதச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை அன்று.

இன்னொரு மறுப்பு தென்கோடியிலிருந்து எழும். குலசேகரத்திலும் அருமனையிலும் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகும் தொழிலாளிக்கு, பெட்ரோலிய இரசாயனத்தால் ஆன நைட்ரைல் ஒரு போட்டியாளர். நாட்டின் இரண்டாவது பெரிய ரப்பர் மாநிலமான திரிபுராவின் சிறு விவசாயிக்கும் அப்படியே. இந்த மறுப்பை மதிக்க வேண்டும். ரப்பர்ப்பாலின் நெகிழ்வும் தொடுவுணர்வும் அறுவையில் இன்னமும் ஈடில்லாதவை. நன்கு அலசிய, புரதம் குறைந்த, பொடியில்லாத ரப்பர்ப்பால் கையுறை அறுவை அரங்குக்குப் பெரும்பாலும் தகுந்ததே. விலக்க வேண்டியது மரத்தின் பாலை அன்று, ஆலை அலசாமல் விட்டதையும் அதன்மேல் தூவியதையும். நல்ல கையுறை கேட்கும் கொள்முதல் கழகம் இந்திய ஆலையையும் நன்றாக அலச வைக்கும்.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒரு மாநிலம் மொத்தமாக வாங்கும்போது விற்பவரிடம் நிபந்தனை விதிக்க முடியும் என்பதை மருந்துகளில் காட்டியது. மேற்கு வங்கத்திலும் அதற்கான கழகம் இருக்கிறது. கையுறைக்கான நிபந்தனைகளை எழுதும் மேசையில் அறுவை மருத்துவர் ஒருவர் இருப்பார், கணக்கர் ஒருவர் இருப்பார். தொற்றுத்தடுப்புச் செவிலியர் ஒருவரும் துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவரும் அங்கே அமர வேண்டும். அவர்கள் முதலில் கேட்கப்போவது பெரும்பாலும் அளவைப் பற்றியதாகவே இருக்கும். ஏழரை அளவுப் பெட்டிகள் அலமாரியில் தேங்கிக் கிடக்க, ஆறும் ஆறரையும் தீர்ந்துபோயிருக்கும் வார்டில், விரல் நுனியில் தொளதொளக்கும் கையுறையோடு ஒரு பெண் நரம்பைத் தேடிக்கொண்டிருப்பார்.